விண்டோஸ் ரெஜிஸ்ட்ரிக்கு ரெக் ஃபைல் எழுதுவது எப்படி?

ஒரு பள்ளியின் கணினி அறையில் இருந்த 20 கணினிகளை ஒழுங்குபடுத்தித் தரும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. அதில் ஒன்று மிகச் சின்ன வேலை. விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்டென்ஷனை மறைத்துவிடும். ‘கணக்கு.டாக்ஸ்’ என்பது வெறும் ‘கணக்கு’ என்று தெரியும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ‘படம்.ஜேபிஜி.இஎக்ஸ்இ’ என்று ஒரு வைரஸ் வந்து உட்கார்ந்தால், அதன் கடைசி வாலும் மறைந்து, ‘படம்.ஜேபிஜி’ என்று ஒரு சாதாரணப் படம் போலத் தெரியும். பிள்ளைகள் பென் டிரைவ் செருகும் கணினிகளில் இது கூடாது.

முதல் மூன்று கணினிகளில் கையாலேயே மாற்றினேன். ஃபோல்டர் ஆப்ஷன்ஸைத் திறந்து, பட்டியலில் தேடி, டிக்கை எடுத்து, ஓகே கொடுத்து, அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தேன். அப்புறம் சில வரிகளில் ஒரு டெக்ஸ்ட் கோப்பை எழுதிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். மீதி 17 கணினிகளிலும் மாணவர்கள் நுழையும் அதே கணக்கில் நுழைந்து, அந்தக் கோப்பை டபுள் கிளிக் செய்தேன். அவ்வளவுதான்.

அந்தக் கோப்புக்குப் பெயர் ரெக் ஃபைல். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் என்ன மாற்ற வேண்டும் என்பதை எழுத்தில் சொல்லும் கோப்பு அது. நேரம் மிச்சமாவது அதன் சிறிய பயன்தான். ரெஜிஸ்ட்ரியில் கைவைத்தவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு: என்ன மாற்றினோம், முன்பு என்ன இருந்தது என்பது இரண்டு வாரத்தில் மறந்துபோகும். ரெக் ஃபைலாக எழுதி மாற்றினால், செய்தது எழுத்தில் நிற்கும். திரும்பப் போகும் வழியையும் கூடவே எழுதி வைக்கலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் இதை முதலில் சொல்லித்தருவது அதற்காகத்தான்.

ரெஜிஸ்ட்ரி என்பது என்ன?

விண்டோஸும் அதில் ஓடும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் பொதுவான கணக்குப் புத்தகம் என்று சொல்லலாம். டெஸ்க்டாப் பின்னணியில் எந்தப் படம், மெனு எத்தனை வேகத்தில் விரிய வேண்டும், ‘.பிடிஎஃப்’ கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும், கணினி கிளம்பும்போது எவையெல்லாம் தானாக ஓட வேண்டும் என்று ஆயிரக்கணக்கான குறிப்புகள் அதில் இருக்கின்றன.

முன்பு இப்படி இல்லை. பழைய விண்டோஸில் ‘.ஐஎன்ஐ’ என்று முடியும் டெக்ஸ்ட் கோப்புகளில் அமைப்புகளை எழுதினார்கள். ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளும், அல்லது விண்டோஸின் சொந்தக் கோப்பிலேயே வந்து எழுதிவிட்டுப் போகும். ஒரே கணினியை நான்கு பேர் பயன்படுத்தினால் நான்கு பேருக்கும் தனித்தனி அமைப்பு வைக்க அதில் ஒழுங்கான வழி கிடையாது. 1992-இல் வந்த விண்டோஸ் 3.1-இல் ரெஜிஸ்ட்ரி சிறிய அளவில் தலைகாட்டியது. அப்போது அதன் வேலை, எந்த வகைக் கோப்பு எந்த மென்பொருளுக்கு உரியது என்று நினைவில் வைப்பதைப் போன்ற சிலவற்றோடு சரி. அடுத்த ஆண்டு விண்டோஸ் என்டி, பிறகு விண்டோஸ் 95 என்று வந்தபோதுதான் அது முழு அமைப்புக்கும் மையமானது. இன்றைய விண்டோஸ் 11 வரை அதே அடித்தளம்தான்.

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ‘ரெக்எடிட்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் திறக்கும். இடப்பக்கம் ஒரு மரம் தெரியும். அதன் கிளைகளுக்குக் ‘கீ’ என்று பெயர். கீ என்றதும் சாவி என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். இங்கே கீ என்பது ஃபோல்டர் மாதிரி. ஒரு கீக்குள் இன்னொரு கீ இருக்கலாம். அல்லது மதிப்புகள் இருக்கலாம். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பெயர், ஒரு வகை, ஒரு தரவு என்று மூன்று உண்டு. வலப்பக்கத்தில் இருக்கும் மூன்று பத்திகள் இவைதான்.

மரத்தின் உச்சியில் ஐந்து வேர்கள் இருக்கும். தொடக்கத்தில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ‘எச்கீ கரண்ட் யூசர்’ என்பது இப்போது கணினியில் நுழைந்திருக்கும் ஆளுக்கு மட்டும் உரியது. ‘எச்கீ லோக்கல் மெஷின்’ என்பது அந்தக் கணினியைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் பொது. முதலாவதில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் உங்கள் கணக்கோடு நிற்கும். இரண்டாவதில் தவறு நேர்ந்தால் கணினியே கிளம்பாமல் போகலாம். அதனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் முதலாவதை விட்டு வெளியே போகாதீர்கள். ஒரு மாற்றத்தை இரண்டு இடத்திலும் செய்ய முடியும் என்றால், இப்போதும் நான் முதலாவதில்தான் செய்வேன்.

எடிட்டரில் ஒரே மரமாகத் தெரிந்தாலும், வட்டில் இது பல கோப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது. அவற்றை ‘ஹைவ்’ என்பார்கள். பொதுவானவை விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. ஒவ்வொரு பயனருக்கும் உரியது அவரவர் ஃபோல்டரிலேயே ‘என்டியூசர்.டாட்’ என்ற பெயரில் மறைந்து கிடக்கிறது. இவற்றை நேரடியாகத் திறந்து திருத்த முடியாது. எடிட்டர் வழியாகவோ, கட்டளை வழியாகவோ, ரெக் ஃபைல் வழியாகவோதான் உள்ளே போக வேண்டும்.

முதல் கோப்பு

பள்ளியில் நான் எழுதிய கோப்பு இதுதான். வாசிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உண்மைக் கோப்பில் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் வெர்ஷன் 5.00

[எச்கீ_கரண்ட்_யூசர்\சாஃப்ட்வேர்\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\கரண்ட்வெர்ஷன்\எக்ஸ்ப்ளோரர்\அட்வான்ஸ்டு]
"ஹைட்ஃபைல்எக்ஸ்ட்"=டிவேர்டு:00000000

முதல் வரி ஒரு முத்திரை. அது எழுத்துப் பிசகாமல் இருந்தால்தான் விண்டோஸ் இதை ரெக் ஃபைல் என்று ஏற்கும். பிசகினால், ‘இது ரெஜிஸ்ட்ரி ஸ்கிரிப்ட் இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இந்த வரி மாறவே இல்லை. அதற்கு முந்தைய விண்டோஸ் 98, என்டி 4.0 ஆகியவற்றுக்கான கோப்புகளில் ‘ரெக்எடிட்4’ என்று ஒரே சொல் இருக்கும். பழைய கோப்பு எதிலாவது அதைப் பார்த்தால் மிரள வேண்டாம்.

அடுத்து ஒரு வெற்று வரி. அதன் பிறகு சதுர அடைப்புக்குள் கீயின் முழு முகவரி, வேரிலிருந்து. அதற்குக் கீழே மதிப்பின் பெயர் இரட்டை மேற்கோளுக்குள், சமக்குறி, பிறகு தரவு. ‘எக்ஸ்டென்ஷனை மறை’ என்ற மதிப்புக்கு 0 கொடுத்தால் மறைக்காதே என்று பொருள். 1 கொடுத்தால் மறை. கடைசி வரி முடிந்ததும் ஒரு என்டர் தட்டி வெற்று வரி விட்டுவிடுங்கள்.

இந்த நீளமான முகவரியை யாரும் கையால் தட்ட வேண்டியதில்லை. தட்டவும் கூடாது என்பேன். ஏனென்றால் முகவரியில் ஒரு எழுத்து மாறினால் விண்டோஸ் பிழை என்று சொல்லாது. நீங்கள் தட்டிய தப்பான பெயரிலேயே புதிதாக ஒரு கீயை உருவாக்கி, அதில் மதிப்பை எழுதிவிட்டு, வெற்றிகரமாகச் சேர்த்தாயிற்று என்று சொல்லும். கணினியில் ஒரு மாற்றமும் தெரியாது. எங்கே தப்பு என்று தேடித் தேடி நேரம் போகும்.

இதற்கு நல்ல வழி, எடிட்டரிடமே எழுதி வாங்கிக்கொள்வது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் அந்தக் கீக்குப் போய், ரைட் கிளிக் செய்து, ‘எக்ஸ்போர்ட்’ கொடுங்கள். அந்தக் கீயும் அதற்குக் கீழே உள்ளவையும் ஒரு ரெக் ஃபைலாக வந்துவிடும். அதை முதலில் ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், அது பேக்கப். இன்னொரு நகலை நோட்பேடில் திறந்து, முதல் வரி, கீ வரி, உங்களுக்கு வேண்டிய மதிப்பு வரி ஆகியவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழியுங்கள். பிறகு 1 இருக்கும் இடத்தில் 0 போடுங்கள். எழுத்துப்பிழைக்கே இடமில்லை. எனக்குத் தெரிந்து ரெக் ஃபைல் கற்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது. ஆயத்தமான உதாரணம் உங்கள் கணினியிலேயே கிடைக்கிறது.

நோட்பேடில் புதிதாக எழுதிச் சேமிப்பவர்கள் இன்னொரு இடத்தில் தடுக்கி விழுவார்கள். கோப்புக்கு ‘வால்.ரெக்’ என்று பெயர் கொடுத்துச் சேமித்தாலும், கீழே ‘சேவ் அஸ் டைப்’ என்ற பெட்டியில் டெக்ஸ்ட் டாக்குமெண்ட் என்றே இருந்தால், கோப்பு ‘வால்.ரெக்.டிஎக்ஸ்டி’ ஆகிவிடும். எக்ஸ்டென்ஷன் மறைந்திருக்கும் கணினியில் அது ‘வால்.ரெக்’ என்றே கண்ணுக்குத் தெரியும். டபுள் கிளிக் செய்தால் மறுபடி நோட்பேடில் திறக்கும், ஏன் என்றே புரியாது. அந்தப் பெட்டியில் ‘ஆல் ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுத்த பிறகு சேமியுங்கள். எக்ஸ்டென்ஷனைக் காட்டும் இந்தக் கோப்பையே முதல் பயிற்சியாகச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். இதைச் செய்து முடித்தால் அடுத்தடுத்த கோப்புகளில் இந்தக் குழப்பம் வராது.

சரி, கோப்பு தயார். டபுள் கிளிக் செய்தால் அட்மின் கணக்கில் முதலில் அனுமதி கேட்கும். பிறகு, தகவல் சேர்ப்பதால் மதிப்புகள் மாறலாம், அழியலாம், நம்பிக்கையான இடத்திலிருந்து வராத கோப்பு என்றால் சேர்க்காதீர்கள் என்று ஓர் எச்சரிக்கை வரும். ‘யெஸ்’ கொடுத்தால் சேர்ந்துவிடும். உடனே மாற்றம் தெரியவில்லை என்று பதற வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் எழுதுவது ஒன்று, அதை மென்பொருள் மறுபடி படிப்பது வேறொன்று. எக்ஸ்ப்ளோரர் தொடர்பான மாற்றத்துக்கு டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்பதை ரீஸ்டார்ட் செய்தால் போதும். சிலவற்றுக்கு சைன் அவுட் செய்து மறுபடி நுழைய வேண்டும். கணினியின் அடிப்படைச் சேவைகளைத் தொடும் மாற்றம் என்றால் முழுதாக ரீஸ்டார்ட்.

வகைகள், எண்கள்

மதிப்பு வகைகளில் தினம் சந்திப்பவை இரண்டு. ஒன்று எழுத்துச்சரம், எடிட்டரில் ‘ரெக் எஸ்இசட்’ என்று காட்டும். மற்றது ‘டிவேர்டு’ எனும் 32 பிட் எண். கோப்பில் சரம் என்றால் சமக்குறிக்குப் பிறகு இரட்டை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். எண் என்றால் மேற்கோள் இல்லாமல் டிவேர்டு, முக்காற்புள்ளி, எட்டு இலக்கம்.

எண்ணைப் போலத் தெரிவதெல்லாம் எண் இல்லை. மெனுவின் மேல் மவுஸை வைத்தால் அது எத்தனை மில்லிவினாடி கழித்து விரிய வேண்டும் என்று சொல்லும் ‘மெனுஷோடிலே’ என்ற மதிப்பு ஒன்று உண்டு. கரண்ட் யூசருக்குள் கன்ட்ரோல் பேனல், அதற்குள் டெஸ்க்டாப் என்ற கீயில் பார்க்கலாம். வழக்கமாக 400 என்று இருக்கும். ஆனால் அது சரம். கோப்பில் "மெனுஷோடிலே"="100" என்று மேற்கோளோடுதான் எழுத வேண்டும். டிவேர்டாக எழுதினால் விண்டோஸ் தடுக்காது. பழைய சரத்தை எடுத்துவிட்டு அதே பெயரில் எண் வகை மதிப்பை வைத்துவிடும். படிக்கும் மென்பொருள் சரத்தை எதிர்பார்த்து வந்து ஏமாறும். எந்த வகை என்று சந்தேகம் வந்தால் எடிட்டரில் நடுப் பத்தியைப் பாருங்கள்.

டிவேர்டில் இன்னொரு பெரிய கண்ணி இருக்கிறது. கோப்பில் எழுதும் எட்டு இலக்கங்கள் நாம் பழகிய பத்தடிமான எண் இல்லை, பதினாறடிமான எண் (ஹெக்ஸாடெசிமல்). அதில் 9-க்குப் பிறகு 10 முதல் 15 வரை ஏ முதல் எஃப் வரையான ஆங்கில எழுத்துகளால் எழுதுவார்கள். 0, 1 என்று எழுதும்வரை வேறுபாடு தெரியாது. 9 வரைக்கும்கூடத் தெரியாது. அதனாலேயே பலர் இதை அறியாமல் நெடுநாள் ஓட்டிவிடுகிறார்கள். 10 என்று சொல்ல 0000000ஏ என்று எழுத வேண்டும். 00000010 என்று எழுதினால் அது 16.

உண்மையான உதாரணம் ஒன்று பார்ப்போம். கணினியை யாரும் தொடாமல் இருந்தால் எத்தனை வினாடியில் அது தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதைக் குறிக்கும் மதிப்பு லோக்கல் மெஷின் பகுதியில் உண்டு. 15 நிமிடம் வேண்டும் என்றால் 900 வினாடி. கோப்பில் 00000900 என்று எழுதிவிட்டால் விண்டோஸ் அதை 2,304 வினாடியாக எடுத்துக்கொள்ளும், அதாவது 38 நிமிடம் 24 வினாடி. பூட்டுவதென்னவோ பூட்டும். அதனால் தப்பு யார் கண்ணிலும் படாது. அலுவலகத்தில் யாரோ எழுந்துபோன நாற்காலிக்கு முன்னால் கணினி அரை மணிக்கும் மேல் திறந்து கிடக்கும். சரியான எழுத்து 00000384. விண்டோஸிலேயே இருக்கும் கால்குலேட்டரை ‘புரோகிராமர்’ முறைக்கு மாற்றினால் இந்தக் கணக்கைப் போட்டுத் தரும்.

மற்ற வகைகள் எல்லாம் கோப்பில் ‘ஹெக்ஸ்’ என்று தொடங்கி, காற்புள்ளி இட்ட இரண்டிரண்டு இலக்கங்களாக வரிசையாக ஓடும். அவற்றைக் கையால் எழுத முயலாதீர்கள். எடிட்டரில் மாற்றி, எக்ஸ்போர்ட் செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ஒரு மெனு

இதுவரை பார்த்தது இருக்கும் மதிப்பை மாற்றுவது. புதிதாக ஒன்றைச் சேர்த்துப் பார்ப்போம். எந்தக் கோப்பின் மீது ரைட் கிளிக் செய்தாலும் ‘நோட்பேடில் திற’ என்று தமிழில் ஒரு வரி வர வேண்டும்.

விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் வெர்ஷன் 5.00

; ரைட் கிளிக் மெனுவில் புதிய வரி
[எச்கீ_கரண்ட்_யூசர்\சாஃப்ட்வேர்\கிளாசஸ்\*\ஷெல்\மைநோட்]
@="நோட்பேடில் திற"

[எச்கீ_கரண்ட்_யூசர்\சாஃப்ட்வேர்\கிளாசஸ்\*\ஷெல்\மைநோட்\கமாண்ட்]
@="நோட்பேட்.இஎக்ஸ்இ \"%1\""

இதில் ‘நோட்பேடில் திற’ என்ற சொற்கள் மட்டும் நிஜமாகவே தமிழில் இருக்க வேண்டும். ‘மைநோட்’ என்பது நாம் வைத்த பெயர், வேறு எதுவும் வைத்துக்கொள்ளலாம். மற்றவை வழக்கம்போல ஆங்கிலத்தில். அரைப்புள்ளியில் தொடங்கும் வரி நமக்கான குறிப்பு, விண்டோஸ் அதைப் படிக்காது. நட்சத்திரக் குறி எல்லா வகைக் கோப்புகளையும் குறிக்கிறது. ‘@’ என்பது அந்தக் கீயின் பெயரில்லாத மதிப்பு. எடிட்டரில் அது ‘டிஃபால்ட்’ என்று முதல் வரியில் தெரியும். ‘%1’ இருக்கும் இடத்தில், நீங்கள் கிளிக் செய்த கோப்பின் முகவரியை விண்டோஸ் நிரப்பிக்கொள்ளும்.

அந்த %1-ஐச் சுற்றி மேற்கோள் எதற்கு? கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால், மேற்கோள் இல்லாதபோது நோட்பேடுக்குப் போகும் பெயர் இரண்டு துண்டாகப் புரிந்துகொள்ளப்படும் ஆபத்து உண்டு. ஆனால் ஏற்கெனவே ஒரு மேற்கோளுக்குள் இருக்கிறோம். உள்ளே இன்னொன்று வைத்தால் சரம் அங்கேயே முடிந்துவிட்டதாக விண்டோஸ் நினைக்கும். அதனால் உள் மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு. அதே காரணத்தால், தரவுக்குள் ஒரு கோப்பின் முகவரியை எழுதினால் அதிலுள்ள ஒவ்வொரு பின்சாய்வுக் கோட்டையும் இரட்டையாக எழுத வேண்டும்: "சி:\\டூல்ஸ்\\என்கருவி.இஎக்ஸ்இ" என்பது போல. சதுர அடைப்புக்குள் வரும் கீ முகவரிக்கு இந்த விதி இல்லை, அங்கே ஒற்றைக் கோடுதான். இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

தமிழ் எழுத்து இருப்பதால் சேமிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துகளைக் கோப்பில் பதிய பல முறைகள் உண்டு. இப்போதைய நோட்பேட் வழக்கமாக யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கும். ஆங்கிலம் மட்டும் உள்ள ரெக் ஃபைலுக்கு அது பரவாயில்லை. தமிழ் இருந்தால் மெனுவில் எழுத்துகள் சிதைந்து புரியாத குறிகளாக வந்து நிற்கும். சேமிக்கும் பெட்டியின் அடியில் ‘என்கோடிங்’ என்ற இடத்தில் ‘யூடிஎஃப்-16 எல்இ’ தேர்ந்தெடுங்கள். ரெஜிஸ்ட்ரி எடிட்டர் எக்ஸ்போர்ட் செய்து தரும் கோப்புகளும் அந்த முறையில்தான் இருக்கின்றன. நம் மொழியில் மெனு வைக்க விரும்புகிறவர்கள் இந்த ஒரு தேர்வை மறந்துவிட்டு, விண்டோஸுக்குத் தமிழ் வராது என்று கைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வரும், அழகாகவே வரும். விண்டோஸ் 11-இல் மட்டும் இந்த வரி ரைட் கிளிக் செய்ததும் நேரே தெரியாது. ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ அழுத்தினால் வரும் பழைய மெனுவில் இருக்கும்.

திரும்பும் வழி

ரெக் ஃபைலில் அழிப்பதற்கு ஒரே ஒரு குறிதான், கழித்தல் குறி. சமக்குறிக்குப் பிறகு தரவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கழித்தல் குறி போட்டால் அந்த ஒரு மதிப்பு அழியும். சதுர அடைப்பு திறந்தவுடனே, முகவரிக்கு முன்னால் போட்டால் அந்தக் கீயே அழியும், அதற்குள் இருக்கும் எல்லாக் கீகளோடும் சேர்த்து. நாம் சேர்த்த மெனுவை எடுக்க, வழக்கமான முத்திரை வரிக்குக் கீழே இது போதும்:

[-எச்கீ_கரண்ட்_யூசர்\சாஃப்ட்வேர்\கிளாசஸ்\*\ஷெல்\மைநோட்]

‘மைநோட்’ என்பதை விட்டுவிட்டு ‘ஷெல்’ என்பதோடு நிறுத்தினால், அங்கே மற்ற மென்பொருள்கள் சேர்த்து வைத்ததும் உடன் போய்விடும். ரெஜிஸ்ட்ரிக்கு ரீசைக்கிள் பின் கிடையாது. எடிட்டரில் ‘அன்டூ’ கிடையாது. கழித்தல் குறியோடு ஒரு வரி எழுதினால், சேமிக்கும் முன் அந்த முகவரியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

முன்னால் எக்ஸ்போர்ட் செய்து வைத்த பேக்கப் இருக்கிறதே, அதை டபுள் கிளிக் செய்தால் பழையபடி ஆகிவிடாதா என்று கேட்கலாம். பாதிதான் ஆகும். ரெக் ஃபைல் செய்வது கலப்பது. கோப்பில் எழுதியிருப்பதை ரெஜிஸ்ட்ரியில் எழுதும், கோப்பில் இல்லாததைத் தொடாது. நீங்கள் மாற்றிய மதிப்புகள் பழைய நிலைக்கு வரும். நீங்கள் புதிதாகச் சேர்த்தவை பேக்கப் கோப்பில் இல்லாததால் அப்படியே இருக்கும். சேர்த்தவற்றை எடுக்கக் கழித்தல் குறியோடு எழுதிய கோப்பு வேண்டும்.

அதனால் நான் எப்போதும் இரண்டு கோப்புகளாக எழுதுகிறேன். ஒன்று மாற்ற, ஒன்று திரும்ப. திரும்பும் கோப்பைத்தான் முதலில் எழுதுவேன். முன்பு என்ன இருந்தது என்பது மாற்றுவதற்கு முன்னால்தான் கண்ணெதிரே இருக்கிறது. பள்ளிப் பென் டிரைவிலும் ‘வால்-காட்டு’, ‘வால்-மறை’ என்று இரண்டு இருந்தன. ஆங்கிலத்தில் பெயரிட்டாலும் தமிழில் பெயரிட்டாலும் சரி, பெயரைப் பார்த்ததும் எது எதற்கு என்று தெரிய வேண்டும். கோப்பின் உள்ளே, அரைப்புள்ளி போட்டு, தேதியும், எந்தக் கணினிக்காக என்பதும், பழைய மதிப்பும் எழுதிவிடுங்கள்.

லோக்கல் மெஷின் பகுதியைத் தொடுவதாக இருந்தால் ரெக் கோப்பு மட்டும் போதாது. கணினி கிளம்பாவிட்டால் அதை டபுள் கிளிக் செய்ய முடியாதே. மாற்றும் முன் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் உருவாக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸைப் பிறகு அந்த நேரத்து நிலைக்கே திருப்ப உதவும் பதிவு அது, அதில் ரெஜிஸ்ட்ரியும் சேர்ந்து பதிவாகும். விண்டோஸ் தானாகவே ரெஜிஸ்ட்ரியைப் பேக்கப் எடுத்து ‘ரெக்பேக்’ என்ற ஃபோல்டரில் வைக்கும் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து வட்டில் இடத்தை மிச்சப்படுத்த அந்த வழக்கத்தை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதை நம்பி இருக்காதீர்கள்.

அடுத்தவர் எழுதிய கோப்பு

‘இதை டபுள் கிளிக் செய்தால் கணினி வேகமாகும்’ என்று இணையத்தில் நூற்றுக்கணக்கான ரெக் ஃபைல்கள் கிடைக்கின்றன. இவற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: எல்லாமே திறந்து படிக்கக்கூடிய டெக்ஸ்ட். டபுள் கிளிக்குக்குப் பதிலாக ரைட் கிளிக் செய்து ‘எடிட்’ கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையை இதுவரை படித்த உங்களுக்கு அதைப் படிக்கத் தெரியும்.

முதலில் சதுர அடைப்பைத் திறந்ததும் கழித்தல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, முகவரி ‘ரன்’ என்று முடியும் கீ இருக்கிறதா என்று. நீங்கள் நுழையும் ஒவ்வொரு முறையும் எவை தானாக ஓட வேண்டும் என்ற பட்டியல் அங்கேதான் இருக்கிறது. கெடுதலான மென்பொருள்கள் தேடிப் போகும் இடம் அது. மெனு வேகத்தை மாற்றுவதாகச் சொல்லும் கோப்புக்கு அங்கே வேலையே இல்லை. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான ‘டிஃபெண்டர்’ பெயர் எந்த முகவரியிலாவது வந்தால், பாதுகாப்பை அணைக்கப் பார்க்கிறதா என்று சந்தேகப்படுங்கள். பொருள் புரியாத ஒரே ஒரு வரி இருந்தாலும் அந்த வரியின் பொருள் தெரியும்வரை சேர்க்காதீர்கள்.

ரெஜிஸ்ட்ரியைச் ‘சுத்தம்’ செய்து தருவதாகச் சொல்லும் மென்பொருள்களையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அவற்றைப் பயன்படுத்துவதை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் கிடக்கும் பழைய குறிப்புகள் சில நூறை நீக்குவதால் நாம் உணரும்படி எந்த வேகமும் வராது. தப்பான ஒன்றை நீக்கினால் வரும் தொல்லை பெரிது.

கடைசியாக, ரெக் ஃபைலால் முடியாதவை. அதை ஸ்கிரிப்ட் என்று சொன்னாலும் அதற்கு யோசிக்கத் தெரியாது. ‘விண்டோஸ் 11 என்றால் இதைச் செய், இல்லாவிட்டால் விடு’ என்று எழுத முடியாது. பயனரின் பெயரை அது தானாக நிரப்பிக்கொள்ளாது. எழுதியதை எழுதியபடி வரிசையாகச் சேர்க்கும், அவ்வளவே. நிபந்தனை வேண்டும் என்றால், கட்டளைகளை வரிசையாக எழுதி ஓட்டும் பேட்ச் கோப்போ பவர்ஷெல்லோ தேவைப்படும். கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘ரெக்’ என்ற கட்டளை இருக்கிறது. அதோடு ‘ஆட்’ சேர்த்தால் ஒரு மதிப்பை எழுதும், ‘டிலீட்’ சேர்த்தால் அழிக்கும், ‘எக்ஸ்போர்ட்’ சேர்த்தால் கோப்பாக எடுக்கும், ‘இம்போர்ட்’ சேர்த்தால் நீங்கள் எழுதிய ரெக் ஃபைலைக் கேள்வி எதுவும் கேட்காமல் உள்ளே சேர்க்கும். இந்தக் கட்டளைக்கு இன்னொரு வசதியும் உண்டு: எண்ணைப் பத்தடிமானத்திலேயே கொடுக்கலாம், 900 என்றால் 900 என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் வேறொருவரின் அட்மின் கணக்கைக் கொடுத்துக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்திருந்தால், அங்கே ‘கரண்ட் யூசர்’ என்பது திரையின் முன் உட்கார்ந்திருப்பவர் இல்லை, அந்த அட்மின். மாற்றம் அவர் கணக்கில் போய் விழுந்திருக்கும்.